காரம் போடாத பொட்டலம்

நீ இறந்துவிட்டாய் என்பது உறுதியாகிவிட்டது. செய்தி தந்தவர் உன் தம்பி மகன். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவர் எழுதிய கடிதம் நேற்றுக் காலை கோலசிலாங்கூரில் என் வீட்டுக்கு வந்தது. போன ஆனி மாதம், காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள். உன்னை மலாயாவிலிருந்து நாடுகடத்திக் கப்பலேற்றி அனுப்பிய பிறகு ஊரில் வயல் வேலை செய்து பிழைத்தாய் என்பதும் அதில் இருக்கிறது. இத்தனை வருஷமாக நான் ஊர் ஊராக எழுதிப்போட்ட கடிதங்களுக்கு வந்த முதல் பதில் இதுதான்.

படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டில் நெத்திலி வறுத்தார்கள். அந்த வாடை வந்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

புக்கிட் பெலிம்பிங்குக்கு உள்ளே இருந்த நம் தோட்டத்தில் நீயும் நானும் அடுத்தடுத்த நிரைகளில் பாலுக்காக ரப்பர் மரப்பட்டை வெட்டினோம். வெட்டி முடித்துப் பால் எடுப்பதற்கு முன் கிடைக்கும் அரைமணிதான் சாப்பாட்டு நேரம். அவித்த மரவள்ளிக்கிழங்கும் நெத்திலிச் சம்பலும் உன் பொறுப்பு; ஒரு போத்தல் வரக்காப்பி என் பொறுப்பு. எனக்கு உறைப்பு ஆகாது. அதனால் எனக்கென்று மிளகாய் போடாமல் தனியாக வதக்கி, தனிப் பொட்டலமாகக் கட்டி வருவாய்.

"பச்சப்புள்ளைக்கு ஊட்டுற மாதிரி இருக்குலா," என்று நம்மை வேலை வாங்கும் மண்டோர்கூடக் கேலி செய்வார்.

"உங்களுக்குப் பொறாமை, மண்டோரய்யா," என்பாய்.

உன் சம்பலை நீயே தின்றுவிட்டுக் கண்ணில் நீர் வர என் போத்தலைப் பிடுங்குவாய். அந்தக் காப்பியில் சீனி பேருக்குத்தான் இருக்கும். நீ குடித்து மிச்சம் வைத்தது மட்டும் இனித்ததாக என் நினைவு. "தனியா தின்னா வயிறு ரொம்பும், அவ்வளவுதான்," என்று ஒருநாள் சொன்னாய்.

வெள்ளைக்கார அரசின் அவசரகாலம் நம் தோட்டத்துக்கு வேலியாக வந்தது. நாம் குடியிருந்த லயங்களைச் சுற்றி இரண்டு வரிசை முள்கம்பி, ஒரே ஒரு கேட். காட்டில் ஒளிந்து சண்டையிடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக்கூடாது என்று, ஒரு பிடி அரிசியோ ஒரு துண்டுக் கிழங்கோ கேட்டைத் தாண்டத் தடை. சீனி போட்ட காப்பியும் உணவுதான் என்றார்கள். பதுக்கி வைத்துக் கடத்த முடியாதபடி, கடையில் டின்னைத் துளைபோட்டு விற்றார்கள். ஜெராம் பக்கத் தோட்டத்தில் ஒருவனைப் பிடித்துப்போனதாகக் கேள்விப்பட்டோம். எதற்கு என்று சொல்ல ஆள் இல்லை. அவன் வீட்டுக் கதவு திறந்தே கிடக்கிறது என்று மட்டும் சொன்னார்கள். காட்டோர நிரையில் காக்கை கத்தினாலும் திரும்பிப் பார்த்தோம்.

சீனியில்லாத காப்பிப் போத்தலோடு மட்டும் உட்கார்ந்த நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, நான் அதைச் சொன்னேன். வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"டேய் பங்காளி, உன் சம்பல் இல்லாம இந்தக் காப்பி கழனித்தண்ணிலா. பயந்துட்டியா?"

"யாருக்குடா பயம்? நாளைக்கு வாயைத் தொறந்து வை."

விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தேன்.

மறுநாள் விடியும் நேரம், வேலையாட்கள் கூடும் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடித்ததும் கேட்டில் வரிசை நின்றது. உனக்குப் பின்னால் மூன்று பேர் தள்ளி நான். உன் பால்வாளியிலிருந்த கந்தல்துணியை எடுத்துப் போட்ட போலீஸ்காரரின் கை அடியில் நின்றது. வாழையிலைப் பொட்டலங்கள் இரண்டு. ஒன்றாகக் கட்டியிருந்தால் பசிக்காரன் என்று இரண்டு அறை வைத்து அனுப்பியிருக்கலாம். நீ பழக்கத்தில் இரண்டாகக் கட்டியிருந்தாய்.

போலீஸ்காரர் மலாயில் கேட்டார். மண்டோர் தமிழில் சொன்னார்.

"யாருக்குன்னு கேக்குறாரு."

"எனக்குத்தான் மண்டோரய்யா. ரெண்டும் எனக்குத்தான்."

போலீஸ்காரர் இரண்டையும் பிரித்தார். ஒன்றில் சம்பல் சிவப்பு, மற்றதில் வெளுப்பு. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி கேட்டார். மண்டோர் திரும்பி என்னைப் பார்த்தார். உறைப்பில்லாத சம்பல் யாருக்கு என்று அந்த வரிசையில் பாதிப்பேருக்குத் தெரியும்.

"ஒருத்தன் திங்கிறதுக்கு எதுக்குடா ரெண்டு ருசின்னு கேக்குறாரு," என்றார் கடைசியில், மெதுவாக. "சொல்லிடுடா."

நீ திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் பிடிபட்டிருப்பேன்.

"நாக்கு ஒரு நேரம் போல இன்னொரு நேரம் இருக்காதுங்க," என்றாய். யாரும் சிரிக்கவில்லை.

நான் ஓர் அடி முன்னால் வைத்திருந்தால், இரண்டு வேலைக்காரர்கள் தங்கள் பசிக்குக் கொண்டுபோனது என்றாவது ஆகியிருக்கும். பெயர் சொல்லப்படாத அந்த இரண்டாவது ஆள் காட்டுக்குள் இருக்கிறான் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். நான் தரையைப் பார்த்தபடி நின்றேன். உன்னை லோரியில் ஏற்றிய பிறகு வரிசை நகர்ந்தது. என் வாளியையும் சோதித்தார்கள். ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு பல மாதம், லயத்துக்கு முன்னால் எந்த வண்டி நின்றாலும் எனக்காக வந்தது என்றே நினைத்தேன். எதுவும் எனக்காக வரவில்லை. மண்டோர் அதன்பின் வேலைக்கு வெளியே என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. மரத்தடியில் தனியாக உட்கார்ந்து காப்பியைக் கொஞ்சநாள் குடித்தேன், பிறகு போத்தல் கொண்டுபோவதையே விட்டுவிட்டேன். தோட்டத்தை விட்டுப் பத்திரிகைச் செய்தியாளனான பின் எத்தனையோ பேரிடம் பெயர் கேட்டு, பிழையில்லாமல் எழுதினேன். அந்தக் கேட்டில் கேட்ட பெயரைத்தான் கொடுக்கவில்லை.

இன்று காலை கிழங்கு அவித்தேன். சம்பல் ஒன்றே ஒன்று செய்தேன், மிளகாய் போட்டு, உன்னுடையதை. பாதிக்கு மேல் தின்ன முடியவில்லை. காப்பி குடித்தும் உறைப்பு இறங்கவில்லை. மிச்சத்தைக் கொட்ட மனமில்லாமல் மூடி வைத்திருக்கிறேன்.

உன் தம்பி மகனுக்கு நேற்றே பதில் எழுதிவிட்டேன். நடந்ததை முழுதாக, என் பெயரோடு எழுதினேன். கேள்வி ஒன்றுதான்: அந்த இரண்டாவது பொட்டலம் யாருக்கு என்று நீ ஊரில் யாரிடமாவது சொன்னாயா? அவர் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தெரியாததால் எழுதவில்லையா, தெரிந்தும் எழுதவில்லையா என்பதை என்னால் உறுதி செய்ய முடியவில்லை. விமானத் தபால் போய்வர மூன்று வாரம் ஆகும். இந்தத் தெருவுக்குத் தபால்காரர் வருவது பதினோரு மணி வாக்கில்.