அண்டங்காக்கை இறங்காத மலை

28 ஏப்ரல் 2011, சிதம்பரம்

பெட்டி கட்டியாகிவிட்டது. பச்சரிசி, எள், அப்பளம், குளிருக்கு மங்கி குல்லா. ரத்தினம்மாளின் முதல் வருஷத் திதி மே ஆறாம் தேதி வருகிறது. அதை ஐஸ்லாந்தில், மகள் அனுப்பிரியாவோடு சேர்ந்து கொடுப்பதாக முடிவு. ரத்தினம் இருந்திருந்தால் நடக்கிற காரியமா? மகள் சார்லஸைக் கட்டிக்கொண்ட அன்று, "இனிமே அவ மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்றவள், கடைசி வரை போனைக்கூடத் தொடவில்லை. போன ஏப்ரலில் அவள் கண்ணை மூடியபோது அனு வரத் துடித்தாள். அந்த வாரம் பார்த்து, அவள் இருக்கிற தீவிலேயே எரிமலை வெடித்து, வானமெல்லாம் சாம்பல். ஒரு விமானமும் பறக்கவில்லை. "அம்மா சொன்னதச் சாதிச்சிட்டாங்கப்பா" என்று போனில் அழுதாள். அந்த அழுகைக்காகத்தான் போகிறேன்.

2 மே, ஐஸ்லாந்து

வந்து சேர்ந்தேன். குழாயைத் திறந்ததும் வெந்நீரோடு கந்தக நெடி. பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் காலமெல்லாம் பாய்லர் பார்த்தவனுக்கு இது பழகிய வாசனை. இங்கே பூமிதான் பாய்லர். எரிக்கக் கரும்புச் சக்கையும் வேண்டாம், கரியும் வேண்டாம். அனு இளைத்திருக்கிறாள். நாளை முதல் காரில் தீவைச் சுற்றுகிறோம்.

4 மே

மரமே கிடையாது. எரிமலை கக்கிய கரும்பாறை, அதன்மேல் மெத்தை கனத்துக்குப் பாசி. காலை வைக்கப் போனேன். "மிதிக்காதீங்க மாமா, பேந்துச்சுன்னா மறுபடி வளர நம்ம ஆயுசு பத்தாது" என்றார் சார்லஸ். கடலூர் மஞ்சக்குப்பத்துப் பிள்ளை. இந்தப் பொறுமைசாலியைத்தானா ரத்தினம் அப்படித் திட்டினாள்?

மதியம், போன வருஷம் வெடித்த அந்த மலை வந்தது. பெயர் என் வாயில் நுழையவில்லை. வெள்ளை வெளேரென்று பனியைப் போர்த்திக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அனு காரைவிட்டு இறங்கவில்லை. நான் இறங்கி நின்று வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்தேன்.

6 மே

திதி. கடலோரத்தில் ஒரு விடுதி. அனு விடியுமுன் தலைக்குக் குளித்து, சாம்பார், வடை, பாயசம் எல்லாம் செய்தாள். ஐயருக்கு எங்கே போவது? தெரிந்த அளவில் நானே எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். கல்லின்மேல் சோறு வைத்து "கா... கா..." என்று கூப்பிட்டோம்.

காக்கை எங்கே? நம் ஊர்க் காக்கை இந்தத் தீவிலேயே இல்லையாம். இதை நான் முன்னமே கேட்டிருக்க வேண்டாமா! அண்டங்காக்கை மட்டும் உண்டு, அதுவும் இப்போது மலை இடுக்கில் கூட்டைக் காத்துக் கிடக்குமாம். சார்லஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு மழையில் விடுதிக்குப் பின்னால் இருந்த மலைச்சரிவிலேயே ஏறினார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், அங்கே நின்று தொண்டை கிழிய "கா... கா..." என்று கத்தினார். மேலே இரண்டு உட்கார்ந்து பார்த்தன. இறங்கவில்லை. கடைசியில் ஒரு கடற்காகம் வந்து வடையைக் கொத்திப் போனது. பெயரில்தான் காகம், நிறம் வெள்ளை.

"இது எடுத்தா ஆவுமாப்பா?" என்றாள் அனு.

"காக்கா எடுத்தாத்தாம்மா" என்று சொல்லிவிட்டேன். என் நாக்கில் சனி.

"செத்தும் அவுங்களுக்குக் கோவம் தீரல பாத்தீங்களா" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். செய்தது எல்லாம் ஆறிக் கிடந்தது. பொழுது சாய்ந்த பிறகு சார்லஸ்தான் ரொட்டி கொண்டுவந்து என் கையில் திணித்தார்.

7 மே

அனு நாள் முழுக்கக் கார் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

9 மே

வடக்கே வந்துவிட்டோம். தரையில் குழி குழியாகச் சேறு கொதிக்கிறது. இந்தத் தீவு நடுவில் பிளந்து வருஷத்துக்கு ஒரு விரற்கடை விலகுகிறதாம். விலகிய இடத்தில் அடியிலிருந்து புதுக் குழம்பு வந்து நிரம்பிப் பாறையாகிறதாம். சார்லஸ் விளக்கிக்கொண்டே வந்தார். அனு கேட்டாளா, தெரியவில்லை.

ஆவிக்குள் நின்றால் பக்கத்தில் இருப்பவர் தெரியாது. அந்தத் தைரியத்தில் வாய்விட்டே கேட்டேன் — உனக்கு என்னதாண்டி வேணும் ரத்தினம்?

தினமும் அனு எழுமுன் ஒரு பிடி சோறு வெளியே வைக்கிறேன். ஆடு வந்து தின்கிறது.

13 மே

விமான நிலையம். கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு மெதுவாக, "காக்கா எடுத்துச்சுன்னு ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாமில்லப்பா" என்றாள்.

சொல்லியிருக்கலாம். ஏன் தோன்றவில்லை எனக்கு?

4 ஜனவரி 2012, சிதம்பரம்

தானே புயல் போன பிறகும் கரண்ட் வரவில்லை. தெருமுனைத் தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்துவிட்டது. மாடியில் வைக்கும் சோறு அப்படியே காய்கிறது. காக்கைகள் எந்தப் பக்கம் போயினவோ.

15 ஜனவரி

பொங்கல். எனக்கு மட்டும் ஒரு டம்ளர் அரிசி போட்டேன். அனு போன் செய்தாள், மூச்சு வாங்கியது.

"அப்பா, பால்கனிக்கு அண்டங்காக்கா வந்திச்சுப்பா! பனி ஜாஸ்தியானா எரை தேடி ஊருக்குள்ள வந்துடுமாம். பொங்கல் வெச்சேன். பக்கத்துலயே நிக்கிறேன், பயப்படல, மொத்தத்தையும் தின்னுச்சு. தின்னுட்டும் போவல, என் மூஞ்சியவே பாத்துட்டு ஒக்காந்திருக்குப்பா..."

சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பின்னால் சார்லஸ், "சத்தம் போடாத அனு, பறந்துடப் போவுது" என்பது கேட்டது.

மாடியில் பொங்கலை வைத்துவிட்டு ரொம்ப நேரம் நின்றேன். இங்கே ஒன்றும் வரவில்லை. ரத்தினம் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். இருந்துவிட்டு மெதுவாக வரட்டும்.