ஃப்ரீசரில் இருக்கும் நீல டப்பா

எஸ்பென்,

பத்து மணிக்கு டயட் ஆய்வுக்கூடத்து ஆள் வருவார். உன் மல மாதிரியைக் கொடுத்துவிடு. அந்த நீல டப்பாவைப் பட்டாணிப் பைக்கும் என் அம்மா கொடுத்த ஸ்ட்ராபெரிக்கும் நடுவில் செருகி வைத்திருக்கிறாய்! பார்த்ததும் ஸ்ட்ராபெரி முழுவதையும் குப்பையில் கொட்டினேன்.

என்னுடையதை நேற்றே நேரில் கொடுத்தேன். அவர்களின் ஆய்வுக்காக மூன்று மாதமாக நாம் தின்றது ஒரே கருப்பு ரொட்டி, ஒரே முட்டைக்கோஸ். நீ ஆறு கிலோ குறைந்தாய். நான் அரைக் கிலோ. "ஒளிச்சு வெச்சுத் தின்னுறியா? கொஞ்சம் வாயைக் கட்டு" என்று உன் அக்கா இங்கர் முன்னாலேயே சொன்னாய்.

நேற்று நர்ஸ் நம் முதல் மாதிரிகளின் முடிவைக் காட்டினார். "நீங்க ஏமாத்தலம்மா. இந்த ரொட்டியில எடை குறையணும்னா அதுக்கேத்த பாக்டீரியா குடல்ல இருக்கணும். உங்க வீட்டுக்காரருக்கு அது மண்டிக் கிடக்கு. உங்களுக்கு இல்ல. உங்களுக்கு வேற சாப்பாடு பாக்கலாம்" என்றார்.

சூப் அடுப்பில் இருக்கிறது. டப்பாவைத் தொட்ட கையோடு கரண்டியைத் தொடாதே.

மார்கிட்

மறந்துவிட்டேன்: நானும் இங்கரும் பேக்கரிக்குப் போகிறோம். வெண்ணெய் பன் தின்ன. ஒளிந்து அல்ல, தெருவே பார்க்கிற மாதிரி ஜன்னலோர மேசையில்.

இன்னொன்று: டப்பாவைப் பத்திரமாகக் கொடு. நீ மூன்று மாதமாகப் பீற்றிக்கொண்ட மன உறுதி மொத்தமும் அதற்குள்தான் இருக்கிறது.