சஹனில் உட்காரும் முன்

கீழக்கரை
5 டிசம்பர் 2025

அன்புள்ள அம்மார் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். 'மச்சான்' என்று எழுத ஜனவரி பதினெட்டு வரை பொறுக்க வேண்டும். நிக்காஹ் முடியும்முன் போனில் பேசக் கூடாது என்று உம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மெயில் எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. நானும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

விருந்தினர்களுக்கு நீங்கள் அனுப்பிய கல்யாண அப்டேட்டைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டேன். புதுமடத்தில் பிறந்தவர்தானே நீங்கள்? சென்னை மண்ணடியில் வளர்ந்து தோஹாவில் வேலை பார்த்தால் ஊர் இவ்வளவுமா மறந்துபோகும்?

தனுஷ்கோடியில் ஆசை தீரக் குளிக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஆபீஸ்காரர்களைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறீர்களா, காவு கொடுக்கவா? ஒரு பக்கம் பெண்கடல், குளம் போலக் கிடக்கும். அதை நம்பி மறுபக்கம் ஆண்கடலில் கால் வைத்தால் காலடி மண்ணோடு ஆளையும் இழுத்துவிடும். கரையில் நின்று பார்க்கட்டும், மீன் வறுவல் தின்னட்டும், திரும்பி வரட்டும். அப்புறம் ரயில். எல்லாரையும் ராமேஸ்வரத்துக்கு டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறீர்கள். கீழக்கரைக்கு வருகிறவர்கள் ராமநாதபுரத்திலேயே இறங்கிவிட வேண்டும். புதுப் பாம்பன் பாலத்தைக் கல்யாணம் முடிந்து பார்க்கலாம், அது எங்கும் போகாது. பொங்கல் கூட்டம் வேறு, இப்போதே போட்டால்தான் இடம் கிடைக்கும்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் எழுதியதுதான் எல்லாவற்றையும்விட மோசம். 'பஃபே' என்று போட்டிருக்கிறீர்கள். எங்கள் ஊரில் சஹன். ஒரு பெரிய தட்டில் நெய்ச்சோறும் கறியும், சுற்றி நாலு பேர், எல்லாரும் அதிலேயே கை வைத்துச் சாப்பிட வேண்டும். முன்பின் தெரியாதவர்களுக்குக் கூச்சமாக இருக்கும், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள்: ஒரு சஹனில் உட்கார்ந்துவிட்டால் மற்ற மூவரும் முடிக்கும்வரை எழக் கூடாது. பாதியில் எழுந்தால் கூட உட்கார்ந்தவர்களுக்கு அவமானம். பசியில்லாதவர்கள் உட்காரும் முன்பே சொல்லிவிட்டால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

கடைசியாக, எனக்காக ஒன்று. பெண் பேச வந்த அன்று உங்கள் உம்மா ஹமீதா பானு மாமி எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டார்கள்: எங்கள் ஊர் வழக்கப்படி நீங்கள் எங்கள் வீட்டுக்கு வருகிற மாப்பிள்ளை, லீவில் வரும்போது இங்கேதான் வருவீர்கள், நான் இந்த வீட்டிலேயே இருந்து வேலைக்குப் போவேன் என்று. நீங்கள் தலையைத்தான் ஆட்டினீர்கள். அதை உங்கள் வாயால் கேட்க வேண்டும் போல இருக்கிறது. ஒரு வரி எழுதுங்கள்.

துஆவுடன்,
லாமியா


தோஹா
6 டிசம்பர் 2025

என் லாமியாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். மருந்தாளுநரைக் கட்டிக்கொண்டால் கடிதம்கூட மருந்துச் சீட்டு மாதிரிதான் வரும் போல. காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்கு முன் திட்டு!

எல்லாம் திருத்தி அனுப்பிவிட்டேன். சஹன் விதியை அப்படியே உன் வார்த்தையிலேயே போட்டேன், எல்லாருக்கும் பிடித்துப்போய்விட்டது. பக்கத்து மேசை வேல்ராஜ் முதுகுளத்தூர்க்காரன், விழுந்து விழுந்து சிரித்தான். "ஏலே, ஆண்கடல் பெண்கடல் தெரியாத நீயெல்லாம் ராம்நாட்டுக்காரன்னு வெளிய சொல்லிராத" என்றான். அவன் மனைவி ஜெயப்பிரியா முன்னாடியே ஊருக்கு வருகிறாள். உன்னைப் பார்க்க வருவாள்.

இப்போது புதுக் கேள்விகள். பெங்களூரு நண்பர்கள் சைவம், என்ன செய்ய? லாட்ஜில் ஏசி உண்டா? தண்ணீர் உப்பா? பெண்கள் எங்கே சாப்பிடுவார்கள்? சீக்கிரம் எழுது, நான் உன்னை நம்பித்தான் ஊரையே கூப்பிட்டிருக்கிறேன்.

உன் கடிதம் வந்த நாளெல்லாம் எனக்கு வெள்ளிக்கிழமைதான்.

அம்மார்


கீழக்கரை
14 டிசம்பர் 2025

அன்புள்ள அம்மார் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகும் பஸ்ஸில் படித்தேன். சிக்கல் தாண்டும்வரை சிரித்துக்கொண்டே போனேன். கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார்.

சைவக்காரர்களுக்கு காஜா நவாஸ் மாமா தனியாகச் சமையல்காரர் வைக்கிறார். என் மாமா எதற்கும் குறை வைக்காதவர், அதைப்பற்றிப் பேசியே நம்மைக் கொல்லவும் செய்வார். லாட்ஜில் ஏசி உண்டு, கரண்ட் உண்டா என்பது அன்றைக்கு அல்லாஹ் நாட்டம். தண்ணீர் உப்புத்தான். ஷாம்பூ நுரைக்காது என்று பெண்களிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பாட்டிலையே காலி செய்வார்கள். பெண்களுக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில், ஆண்களுக்கு மண்டபத்தில். திரும்பிப் போகும்போது எல்லாருக்கும் எங்கள் ஊர் இனிப்பான தொதல் கட்டிக் கொடுக்கிறோம். வாயில் போட்டுப் பார்க்காமல் அல்வாவா என்று கேட்கக் கூடாது.

எல்லாருக்கும் பதில் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

ஒருவேளை நான் கேட்டது சின்ன விஷயமாகத் தெரிந்ததோ என்னவோ. எனக்குச் சின்னதில்லை. வாப்பா மவுத்தானபோது நான் பன்னிரண்டாம் வகுப்பு. இந்த வீட்டை என் பெயருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். பார்மசி முடித்து, தேர்வுமேல் தேர்வு எழுதி, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இம்புட்டு ஓட்டம்" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பல்லைக் காட்டி, இந்த செப்டம்பரில்தான் முதுகுளத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். மருந்து வாங்க வருகிற பாட்டிமார்கள் 'டாக்டரம்மா' என்கிறார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அலுத்தாலும் பிடித்திருக்கிறது.

நிக்காஹுக்குப் பிறகு நான் இந்த வீட்டிலிருந்து அந்த வேலைக்குப் போவேனா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்று எழுதுங்கள் போதும்.

துஆவுடன்,
லாமியா


தோஹா
15 டிசம்பர் 2025

லாமியா,

ஷாம்பூ விஷயம் சூப்பர்! ஐந்தாவது அப்டேட்டில் போட்டுவிட்டேன். கூடவே 'கல்யாணம் பற்றி எந்தக் கேள்வியானாலும் கேளுங்கள், ஒரு மணி நேரத்தில் பதில்' என்றும் போட்டேன். கேள்வி கொட்டுகிறது. தூங்கவே முடியவில்லை.

நீ கேட்டதையெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். மெயிலில் எழுதினால் வேறு மாதிரித் தெரியும். நான் இருக்கும்போது உனக்கு என்ன கவலை?

வலீமா விருந்துக்கு எல்லாரும் ஒரே நிறத்தில் உடுத்தலாமா என்று கேட்கிறார்கள். வெளிர்பச்சை சொல்லட்டுமா?

அம்மார்


கீழக்கரை
27 டிசம்பர் 2025

அம்மார் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்று ஜெயப்பிரியா வந்தார்கள். நல்ல பெண். வந்து உட்கார்ந்து தேத்தண்ணி குடித்து, எந்தச் சேலை கட்டலாம், சஹனில் இடது கைப் பழக்கக்காரர்கள் என்ன செய்வார்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டு, பையிலிருந்து துணித் துண்டுகளை எடுத்து என் மடியில் போட்டார்கள்.

"இந்தா பாருங்க லாமியா, இதுல எது வேணும்னு சொல்லிருங்க. பச்சையா, நீலமா?"

"எதுக்கு?" என்றேன்.

"உங்க வீட்டு ஜன்னல் திரைக்குத்தான். தோஹாவுல எங்க பிளாட்டுக்கு எதுத்த பிளாட்டத்தானே அம்மார் எடுத்திருக்காரு. சாவி என்கிட்டத்தான் இருக்கு. பிப்ரவரியில நீங்க வந்து இறங்கும்போது எல்லாம் மாட்டி வச்சிருக்கணும்னு சொல்லிட்டாரு. உங்க விசாவுக்குக்கூடக் கொடுத்தாச்சே?"

உம்மா தட்டை எடுக்க வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஜெயப்பிரியாவுக்குப் புரிந்தது. "ஆத்தாடி, உங்களுக்குத் தெரியாதா?" என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. ஊருக்கு வருகிற விருந்தாளிக்கு வழி சொல்லத்தான் நான் உட்கார்ந்திருந்தேன். என் வழியை விருந்தாளி சொல்லிவிட்டுப் போனார்கள்.

என் பாஸ்போர்ட் நகல் உங்களிடம் எப்படி வந்தது என்று மாமாவிடம் கேட்டேன். கல்யாணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று நீங்கள் கேட்டீர்களாம், கொடுத்தாராம். "புள்ள கேட்டான், நான் என்னத்தக் கண்டேன்" என்கிறார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. எழுதி எழுதி அழிக்கிறேன். தோஹா என்பதால் இல்லை. 'எனக்கு நீ இங்கே வர வேண்டும்' என்று நீங்கள் முதல் கடிதத்திலேயே கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், ஒருவேளை சம்பளமில்லா விடுப்புக்குக்கூட விசாரித்திருப்பேன். இடது கையால் சாப்பிடுகிறவனுக்கு ஒரு மணி நேரத்தில் பதில் சொல்கிறீர்கள். நான் மூன்று வாரமாகக் கேட்கிறேன்.

ஆகவே உங்கள் அப்டேட்டில் சொன்னபடி ஒரு விருந்தினராகவே கேட்கிறேன்:

கல்யாணப் பெண் கல்யாணம் முடிந்து எங்கே இருப்பாள்? அதை அவளிடம் யாராவது கேட்டீர்களா?

லாமியா


தோஹா
28 டிசம்பர் 2025

லாமியா,

கோபப்படாதே. உனக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்றுதான் சொல்லவில்லை. ஜெயப்பிரியா எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாள்.

மாமியார் வீட்டில் போய் உட்காருகிற வழக்கமெல்லாம் அந்தக் காலத்தோடு போயிற்று. எத்தனை நாள் நான் இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுவது? உம்மா அன்றைக்கு ஒப்புக்கொண்டது உண்மைதான். அப்படிச் சொல்லாவிட்டால் உன் மாமா பெண் தந்திருப்பாரா, சொல்? வேலையை இங்கேயும் தேடலாம். அதற்குத் தேர்வு இருக்கிறது, உன்னால் முடியும். முதலில் எல்லாப் பெண்களும் இப்படித்தான் அழுவார்கள், வந்து பார்த்தால் ஊருக்கே போக மாட்டேன் என்பார்கள். வேல்ராஜிடம் கேட்டுப்பார்.

எல்லாரும் டிக்கெட் எடுத்தாயிற்று. இந்த நேரத்தில் பிடிவாதம் பிடித்தால் என் முகத்தை எங்கே கொண்டு வைப்பேன்? நான் உன்னை நேசிக்கிறேன், அது உனக்குத் தெரியும். நடந்ததை விடு.

கடைசி அப்டேட் அனுப்ப வேண்டும். ஊர்க் குறிப்புகளை நீ எழுதினால்தான் நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எழுதி அனுப்பு.

அம்மார்


கீழக்கரை
2 ஜனவரி 2026

அம்மார் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் தனியாகச் சாப்பிடுகிற அந்த வரியைப் பலமுறை படித்தேன். பாவமாகத்தான் இருந்தது. அதை மட்டும் டிசம்பர் ஆறாம் தேதி எழுதியிருக்கலாம். அன்றைக்கு எனக்கு உங்களை மிகவும் பிடித்திருந்தது.

உங்கள் கடிதத்தை உம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மெயில் எழுதியதற்குத் திட்டு விழுந்தது. பிறகு உம்மா அழுதார்கள். பிறகு முகம் கழுவிக்கொண்டு, மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் தாமே போய்க் கல்யாணம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார்கள். "ஒப்புக்காகச் சொன்னோம்னு அவுகளே எழுதிட்டாக. இனிமே எதை நம்பி உன்னைக் கட்டிக் குடுக்குறது?" என்றார்கள். பள்ளிவாசல் ஜமாஅத்திலிருந்து ஆட்கள் வந்து சமாதானம் சொன்னார்கள். ஊர் நாலு விதமாகப் பேசுகிறது, பேசட்டும். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்லவில்லை.

உங்கள் வீட்டார் கொண்டுவந்து வைத்தவை எல்லாம் மாமா மூலம் வந்து சேரும். விசா விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுவிடுங்கள். திரைக்கு நீலம் நன்றாக இருக்கும், அந்த ஊர் வெயிலுக்கு.

நீங்கள் கேட்ட கடைசி அப்டேட் கீழே. ஜெயப்பிரியாவுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். நீங்கள் அனுப்பாவிட்டால் அவர்கள் அனுப்புவார்கள்.

லாமியா


விருந்தினர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ஜனவரி பதினெட்டாம் தேதி நடக்கவிருந்த அம்மார், லாமியா திருமணம் நடைபெறாது. யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, யாரும் பயப்பட வேண்டாம். காரணம் எங்கள் இருவருக்குள் உள்ளது.

டிக்கெட்டை ரத்து செய்ய முடிந்தவர்கள் செய்துவிடுங்கள். முடியாதவர்கள் தயங்காமல் வாருங்கள், ஊர் இங்கேதான் இருக்கிறது. இதுவரை வந்த குறிப்புகளில் ஒன்று மட்டும் மாறுகிறது: ராமநாதபுரத்தில் இறங்க வேண்டியதில்லை, நேராக ராமேஸ்வரமே போங்கள், பாலத்தைப் பகலில் பாருங்கள். ஆண்கடலில் இறங்காதீர்கள். தண்ணீர் அப்போதும் உப்பாகத்தான் இருக்கும். கீழக்கரைப் பக்கம் வருகிறவர்கள் எங்கள் வீட்டுக்கு வரலாம். தொதலுக்குச் சொன்னது சொன்னதுதான், உம்மா நிறுத்தவில்லை.

எங்கள் ஊரில் சஹனில் உட்கார்ந்தவர் பாதியில் எழக் கூடாது என்று முன்பு எழுதியிருந்தேன். அதனால்தான் உட்காரும் முன்பே சொல்லிவிடுகிறேன். யாரையும் அவமானப்படுத்த நினைக்கவில்லை. சிரமத்துக்கு மன்னியுங்கள்.

வேறு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் இனி என்னிடமே கேளுங்கள். ஆஸ்பத்திரி நேரம் போக, கட்டாயம் பதில் எழுதுவேன்.

லாமியா
மருந்தாளுநர், முதுகுளத்தூர்