எஸ்பொசிட்டோ வீட்டுப் பெடியன்

அன்பு மகளுக்கு,

உன் மார்க்கோவின் குடும்பப் பெயரை விசாரித்தேன். கோபிக்காதே, யாழ்ப்பாணத்துத் தகப்பனுக்கு விசாரிக்காமல் இருக்க ஏலாது.

எஸ்பொசிட்டோ என்றால் வெளியே விடப்பட்டவர் என்று அர்த்தமாம். முன்பு நேப்பிள்ஸ் நகரத்தில், பெற்றவர்கள் விட்டுப்போன குழந்தைகளுக்கு வைத்த பெயர். இன்று அங்கே தெருவுக்குத் தெரு எஸ்பொசிட்டோக்கள்தான்.

காலையில் எட்மண்டன் மாமி போன் எடுத்து, "பெடியன் எங்கட ஆக்களோ?" என்றார். அநாதை இல்லத்தில் வளர்ந்த உன் அம்மாவை நான் கட்டியபோதும் இதையேதான் கேட்டவர்.

நண்டு கழுவிக்கொண்டிருந்த அம்மா ஈரக்கையோடு போனை வாங்கினாள்.

"ஓம் மச்சாள். என்ரை ஆக்கள்."

ஞாயிற்றுக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு வா. கறி உறைக்காமல் வைப்பாளாம்.

உன்
அப்பா