அன்ரனின் பைலில் ஏதோ மாறியிருக்கிறது

யூலை 8, செவ்வாய்

சோளகக் காற்று விடாமல் அடிக்கிறது. வாசல் முழுக்க மணல். ஒருவரும் கடலுக்குப் போகவில்லை.

நான் சொல்லச் சொல்லப் போன் எழுதுகிறது. அன்ரன் வெளிநாடு போகுமுன் காட்டித் தந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாது, என்ன எழுதியிருக்கிறதோ. யாருக்கும் காட்ட அல்ல. உள்ளுக்குள் வைத்திருந்தால் நித்திரை வருவதில்லை.

மகனிடமிருந்து இன்றும் போன் இல்லை. தாய்லாந்தில் கொம்பியூட்டர் வேலை என்று ஏஜென்சிக்காரன் கூட்டிக்கொண்டு போனது மாசிக் கடைசியில். பங்குனியில் கதைத்தான். குரல் சரியில்லை, பக்கத்தில் யாரோ நின்றதுபோல. அதோடு சரி. ஏஜென்சிக்காரனைக் கேட்டால், பெடியன் வேலையில் நிற்கிறான், நீங்கள் பொலிசு அது இது என்று போனால் அவனுக்குத்தான் கூடாது என்கிறான். கூடாது என்றால் என்ன? கேட்கவில்லை. கேட்கப் பயம்.

மருமகள் ஜெனிற்றா காலையிலிருந்து கொம்பியூட்டருக்கு முன்னால். காற்றும் கடல் நீர் ஏறி இறங்குவதும் பார்க்க அன்ரன் எழுதிய புரோகிராம் ஒன்று, கரையில் கனபேர் வைத்திருக்கிறார்கள். அவன் எழுதுவான், அவள் அதை லினக்ஸ் போட்ட கொம்பியூட்டர்களில் ஓடப் பக்கேஜாகக் கட்டுவாள். இரண்டு பேரும் பழகினதே இந்தக் கோதாரியால்தான். கட்டுவதற்கு அவளிடம் ஒரு ஸ்கிரிப்ட். இன்டர்நெட்டில் அன்ரனின் இடத்திலிருந்து பைலை இறக்கும், சரிதானா என்று பார்க்கும், பிறகு கட்டும்.

லினக்ஸ் மாறியதில் பழைய பக்கேஜ் ஓடவில்லையாம். திரும்பக் கட்டினால் சிவப்பு வரி. ஏதோ லைப்ரரிக்குப் பேர் மாறிவிட்டதாம். பின்னேரம் திருத்திவிட்டாள். கொஞ்சம் சிரித்தாள்கூட. இரவு திருக்கைக் கறி.

யூலை 9, புதன்

காலையில் கரண்ட் இல்லை. வந்த பிறகு முதலிலிருந்து இறக்கிக் கட்டிப் பார்த்தாள், வேறு பிழை.

பைல் இறங்குகிறது, அதோடு நின்றுவிடுகிறது. நம்பர் பொருந்தவில்லை என்கிறாள். விளங்கப்படுத்தினாள். ஒரு பைலைக் கணக்குப் பார்த்தால் நீளமாய் ஒரு நம்பர் வரும். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் நம்பர் மாறும். முந்தைய நம்பர் ஸ்கிரிப்டில் எழுதிக் கிடக்கிறது. இப்போது வருவது அதில்லை.

லைன் அறுந்து பாதிதான் இறங்கியிருக்கும் என்று, முன்பு இறக்கி வைத்திருந்ததையும் சேர்த்து அழித்துவிட்டுப் புதிதாக இறக்கினாள். அதே பிழை. பக்கத்து வீட்டு மேரியக்காவின் போனில் லைன் எடுத்துப் பார்த்தாள். அதே பிழை. பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"மாமா, அறுந்து இறங்கினா ஒவ்வொருக்காலும் வேற வேற நம்பர் வரும். இது ஒரே நம்பர் வருது. பைலை ஆரோ மாத்தியிருக்கினம்."

ஆர் மாத்தினது என்றேன்.

"அந்த இடத்துக்குப் பாஸ்வேட் அவரிட்ட மட்டுந்தான் இருக்கு."

சந்தோசப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. பாஸ்வேட்டை அடித்தும் வாங்கலாம். சண்டைக் காலத்தில் என் தமையனைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் அடுத்தநாள் அவருடைய சாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள், வீட்டில் இன்னும் யார் யார் என்று கேட்டு. நீலக் கட்டம், நடுவில் ஒரு சிவப்புக் கோடு, ஓரத்தில் பீடி சுட்ட ஓட்டை. அவருடைய சாமான் வந்தது. அவர் வரவில்லை.

புது நம்பரை ஸ்கிரிப்டில் எழுதிவிட்டால் கட்டுப்பட்டுவிடுமாம். அவள் எழுதவில்லை. மாற்றியது யாரென்று தெரியாமல் கரைச் சனத்துக்கு அதை எப்படிக் கொடுக்கிறது என்கிறாள். சரிதான்.

யூலை 10, வியாழன்

பழைய பைலும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது மாறியதென்று தெரியும். பழையதை நேற்றுத் தன் கையாலேயே அழித்துவிட்டாள். நெற்றியில் அடித்துக்கொண்டாள். பிறகு ஞாபகம் வந்தது: நானாட்டானில் அவள் முன்பு வேலை செய்த கொம்பியூட்டர் கடையில் அந்தப் பழைய பைலின் கொப்பி ஒன்று கிடக்கும்.

தனியாக விட மனமில்லை, நானும் போனேன். கடலுக்கு நடுவால் போகிற தாம்போதியில் காற்று பஸ்சைப் பிடித்துத் தள்ளுகிறது. நடு றோட்டில் கழுதைகள், ஹோனுக்கும் அசையவில்லை. பின் சீற்றில் இரண்டு பெண்கள்.

"மகன் வெளிநாட்டில நல்லாச் செய்யிறான் போல."

"பின்னை? தகப்பன்ர சேட்டைப் பாரன்."

அன்ரன் போகுமுன் வாங்கித் தந்த சேட்டு. நான் திரும்பவில்லை.

கடைக்காரப் பெடியன் என்னைக் கண்டுவிட்டு, "என்ன ஐயா, மருமகளுக்குக் காவலோ?" என்றான். வெயிலுக்குக் குடை பிடிக்க வந்தனான் என்றேன். அன்ரன் அண்ணை எப்பிடி என்று அவளைக் கேட்டான். நல்ல சுகம் என்றாள், கண் வெட்டாமல். நானும் ஓம் என்றேன். எவ்வளவு கெதியாய்ப் பழகிவிட்டோம்.

கொப்பி கிடைத்தது. அங்கே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவையும் யன்னலையும் சாத்தினாள். வெக்கை. இரண்டையும் ஒப்பிட, மாறிய இடம் மட்டும் திரையில் வந்தது. புரோகிராமில் கை வைக்கவேயில்லை. மெசின் வாசிக்காமல் தாண்டிப் போகிற வரிகளாம், மனுசருக்கு மட்டும் எழுதி வைப்பது. அதில் தமிழ்.

வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு வாசித்தாள். ஒரு தரம்தான் கேட்டேன், ஒரு சொல் தவறாமல் இருக்கிறது:

"ஜெனி, போனும் பாஸ்போட்டும் பறிச்சுப்போட்டாங்கள். பைல் மாறினா உன்ர ஸ்கிரிப்ட் நிக்கும், நீ தோண்டிப் பார்ப்பாய் எண்டு தெரியும். இது தாய்லாந்து இல்லை, ஆத்தைக் கடந்து பக்கத்து நாட்டுக்குக் கொண்டுவந்தவங்கள். கொம்பியூட்டரில சனத்தை ஏமாத்துற வேலை. செய்யாட்டி அடி. எங்கட நாட்டுப் பெடியள் வேற கொஞ்சப்பேரும் நிக்கினம். கொழும்பில போய்ச் சொல்லு. ஏஜென்சிக்குத் தெரியக்கூடாது."

உயிரோடு இருக்கிறான். அடிக்கிறார்கள். இரண்டும் ஒரே மூச்சில் வந்தது, எதைப் பிடிக்கிறதென்று தெரியவில்லை.

அதோடு நிறுத்தினாள். ஆனால் திரையில் கீழே இன்னும் ஒரு வரி. அவள் கண் அதற்குப் போய்த் திரும்பியது, வாய் போகவில்லை.

"அவ்வளவுதானோ பிள்ளை?"

"அவ்வளவுதான் மாமா." மூடிவிட்டாள்.

யூலை 11, வெள்ளி

ஒரு கண் நித்திரை இல்லை. அந்த வரி. கையை உடைத்துவிட்டார்களோ? கண்ணோ? அல்லது இதுதான் கடைசி என்று எழுதினானோ? ஒவ்வொன்றாக வந்து முன்னால் நிற்கிறது.

ஜெனிற்றா இன்று இரவு பஸ்சில் கொழும்புக்கு. வவுனியாவில் அவளுடைய தமையன் ஏறுவான். ஏஜென்சிக்காரனுக்கு எங்கள் வீடு தெரியும். வெளியே மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டாலே யன்னலால் எட்டிப் பார்க்கிறேன். மீன்காரன்தான்.

காலை மருந்துக் குளிசை எடுக்கப் போனேன். இரண்டு ரின், அன்ரன் தன் கையால் எழுதி ஒட்டியவை. ஐயா காலை, ஐயா இரவு. அவன் என்னைக் கூப்பிடுவது ஐயா என்று. இரண்டிலும் முதலில் அதே இரண்டு எழுத்து. நித்தம் பார்க்கிறது. குனிந்து இருக்கிற ஆள் மாதிரி முதல் எழுத்து.

அந்த வரியின் தலையில் கிடந்தது இதுதான்.

உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தாள். ரின்னைக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன்.

"இந்த எழுத்துத்தான் அந்தக் கடைசி வரியில முதல்ல கிடந்தது. வாசி பிள்ளை."

ரின்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கொம்பியூட்டரைத் திறந்தாள். மெல்லமாய் வாசித்தாள்.

"ஐயாவுக்குச் சொல்லிப்போடாதை. தாங்கமாட்டார்."

அவள் அழுதாள். இத்தனை மாதத்தில் முதல் தரம். நான் கதவு சாத்தியிருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

நீ எழுதுவதை அவன் பார்க்கலாமோ என்று கேட்டேன். பார்க்கலாமாம். ஸ்கிரிப்டில் நம்பரை மாற்றினால், ஏன் மாற்றியது என்று ஒரு வரி சேர்த்து எழுதுகிற வழக்கம். ஆரும் வாசிக்கலாம், அவனும் வாசிக்கலாம். அங்கே அடிக்கிறவர்களில் தமிழ் தெரிந்தவன் நின்றால்? பேர் போடவேண்டாம், ஊர் போடவேண்டாம், கொழும்பு என்ற சொல்லே வரக்கூடாது என்றேன்.

பஸ்சுக்கு நேரமாகிறது. கீபோட்டில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"என்னெண்டு எழுத மாமா?"

"பைல் கிடைச்சுது எண்டு எழுது. ஐயாவுக்கு ஒண்டும் தெரியாது எண்டும் எழுது."