எழுத்தின் அளவு

மல்லசமுத்திரம்,
தை மாதக் கடைசி.

அன்புள்ள மாமாவுக்கு,

சௌந்திரம் எழுதுகிறேன். நானும் உங்கள் மகள் யுவஸ்ரீயும் சுகம். நீங்கள் சுகமா என்று வழக்கமாகக் கேட்பேன். இந்தத் தடவை கேட்கவில்லை. ஏன் என்பது கீழே வரும்.

போனிலேயே பேசியிருக்கலாமே என்று தோன்றும். போனில் நீங்கள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்பீர்கள், டவர் போய்விடும். கடிதத்தை அப்படிப் பாதியில் விட முடியாது. லீவு முடிந்து குணசீலன் ஆப்பிரிக்காவுக்கு, உங்கள் போர்வெல் கேம்ப்புக்கே திரும்பி வருகிறான். இதையும் கூட ஒரு பெட்டியையும் அவனிடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் ஊர்ச் சேதி. கீழ்க்காட்டில் குச்சிக்கிழங்கு பிடுங்கி, ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்கு லோடு போய்விட்டது. மாவுப்பூச்சி போன வருஷம் அளவுக்கு இல்லை. போர் மோட்டாரை மேலே தூக்கிச் சரி பார்த்தோம். தண்ணீர் நிற்கிறது. யுவஸ்ரீ கடைசி வருஷப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

குணசீலன் வந்த மறுவாரம் வீட்டுக்கு வந்தான். அங்கிருந்து யார் ஊருக்கு வந்தாலும் நீங்கள் புத்தகம் கேட்டு அனுப்புவது வழக்கம். நானும் தடித்தடியாக நாவல்களைக் கட்டிக் கொடுப்பேன். பெட்டி கனக்கிறது என்று அவர்கள் சலித்துக்கொள்வார்கள். இந்தத் தடவை அவன் எதுவும் கேட்கவில்லை. அண்ணன் புத்தகம் சொல்லிவிடவில்லையா என்றேன். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவன் சொன்னான்:

"அண்ணன் இப்பெல்லாம் படிக்கறதில்லைங்க அக்கா. ஒத்தக் கண்ண வெச்சுட்டு எத்தன நேரம் படிப்பாருங்க?"

எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்திருக்கிறான். என் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு நான் கேட்கக் கேட்கச் சொன்னான். பாறையைத் துளைக்கிற பிட்டைக் கிரைண்டரில் தீட்டும்போது இரும்புத் துணுக்கு தெறித்து உங்கள் வலது கண்ணில் ஏறியது. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே ஒரு பகல் ஆயிற்று. துணுக்கை எடுத்தார்கள், பார்வையை மீட்க முடியவில்லை. நடந்தது ஆடி மாதத்தில். ஆடியிலிருந்து நாம் வாராவாரம் பேசியிருக்கிறோம். வீடியோவில் வாருங்கள் என்றால் டவர் இல்லை என்றீர்கள். வந்த ஒன்றிரண்டு தடவையும் முகத்தின் ஒரு பக்கம்தான் தெரிந்தது. அங்கே வெளிச்சம் போதாது போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

குணசீலன்மேல் கோபப்பட வேண்டாம். அவன் எதையும் காட்டிக்கொடுக்க வரவில்லை.

யுவஸ்ரீயைக் கூட்டிக்கொண்டு சேலத்தில் ஒரு கண் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். நோயாளி இல்லாமல் வந்திருக்கிறீர்களே என்றார். ஆனாலும் முழுவதும் கேட்டார். படிப்பதால் நல்ல கண் கெட்டுப்போகாது, தாராளமாகப் படிக்கலாம் என்றார். இன்னொன்றும் சொன்னார். ஒரு கண்ணில் இப்படிக் காயம் பட்டால், அபூர்வமாகச் சிலருக்கு மாதக்கணக்கில் கழித்து மற்றக் கண்ணும் வீங்கிப் பாதிக்கப்படுமாம். கண் சிவந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, எழுத்து மங்கினாலோ ஒரு நாளும் தாமதிக்காமல் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உடனே போனால் மருந்தில் நிறுத்தலாம் என்றார். இந்தப் பத்தியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

இனி பெட்டியைப் பற்றி. உள்ளே இருப்பது இ-ரீடர், புத்தகங்களை ஏற்றிப் படிக்கிற கருவி. யோசனை யுவஸ்ரீயுடையது. "படிக்காம எங்கப்பா ஒரு நாளு இருப்பாராம்மா?" என்று கேட்டுவிட்டு அவளே தேட ஆரம்பித்தாள். போன் திரை விளக்கைப் பார்ப்பது மாதிரி, இது காகிதத்தைப் பார்ப்பது மாதிரி என்றாள். நான் நம்பவில்லை. கடையில் பெட்டியைத் திறந்து காட்டவும் மாட்டேன் என்றார்கள். அதனால் அவளுடைய காலேஜில் இரண்டு பேரிடம் இரவல் வாங்கி வந்தாள். ஒன்று கையடக்கம், ஒன்று கொஞ்சம் அகலம். அவளுடைய பேராசிரியர் ஒருவர் சிலேட்டு அளவுக்குப் பெரியதையும் கொடுத்தனுப்பினார்.

என் வலது கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு மூன்றிலும் படித்துப் பார்த்தேன். ஒரு வாரம் வேலைகளையும் அப்படியே செய்தேன். மோரை டம்ளருக்கு வெளியே ஊற்றினேன். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டேன். நீங்கள் அந்தக் கண்ணோடு ரிக் வண்டிமேல் ஏறி இறங்குகிறீர்கள் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

கையடக்கமானது எடை இல்லை. ஆனால் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிக்கு இரண்டு வார்த்தைதான் நிற்கிறது. நம் தமிழ் வார்த்தைகள் நீளம், பாதியில் உடைந்து அடுத்த வரிக்குப் போகின்றன. ஒற்றைக் கண் அதைத் துரத்தியே களைத்துவிடுகிறது. சிலேட்டு அளவில் பக்கம் தாராளம். ஆனால் நீங்கள் கட்டிலில் மல்லாந்து படிக்கிறவர். நானும் அப்படிப் படுத்துப் பார்த்தேன், கை வலித்து மார்மேல் போட்டுக்கொண்டேன். நடுவில் உள்ளதுதான் சரி, அதே மாதிரி புதிதாக வாங்கினோம். ஏழு அங்குலம். பக்கம் திருப்ப ஓரத்தில் பட்டன் இருக்கிறது, கிரீஸ் கையோடு திரையைத் தொட வேண்டியதில்லை. வெயிலில் களத்து மேட்டில் வைத்துப் பார்த்தேன், கூசாமல் தெரிந்தது. இருட்டில் வெளிச்சத்தை மஞ்சளாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஜெனரேட்டர் ஓடாவிட்டாலும் சார்ஜ் பல நாள் நிற்கும். தமிழில் கொம்பும் காலும் பிரியாமல் ஒழுங்காக வருகிறதா என்று யுவஸ்ரீ ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துவிட்டாள். நாவல்களையும் அவளே ஏற்றியிருக்கிறாள்.

பெட்டிக்குள் ஒரு பாதுகாப்புக் கண்ணாடியும் இருக்கிறது. டாக்டர் சொன்னது. வேலையில் அதைக் கழற்ற வேண்டாம்.

எழுத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கிற இடத்தில் எண் காட்டும். எந்த எண்ணில் உங்களுக்குச் சிரமமில்லாமல் இருக்கிறது என்று எனக்குச் சொல்லுங்கள். மற்றதை எல்லாம் மறைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை மட்டும் மறைக்காதீர்கள்.

உங்கள்,
சௌந்திரம்.


தார் எஸ் சலாம்,
பங்குனி மாதம்.

சௌந்திரத்துக்கு,

உன் கடிதம் வந்த அன்றே படித்தேன். பதில் எழுத ஓடவில்லை. போனிலும் அதைப் பற்றி நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது எங்கள் கேம்ப் பெரியசாமி ஊருக்குக் கிளம்புகிறார். அவர் கையில் இதைக் கொடுக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ எழுதியிருப்பது எல்லாம் நிஜம். ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் வரச் சொல்வாய். வந்தால் திரும்ப அனுப்பமாட்டாய். ரிக் வேலையைத் தவிர எனக்கு வேறு வேலை தெரியாது. ஒற்றைக் கண்ணோடு ஊருக்கு வந்து காட்டில் உனக்கு இடைஞ்சலாக நிற்பதா என்று இருந்தது. அவ்வளவுதான் காரணம். பெரிதாக வேறு ஒன்றும் இல்லை.

கருவி நன்றாக இருக்கிறது. கேம்ப்பில் எல்லோரும் வாங்கிப் பார்த்தார்கள். ஆடிக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒரு கதையை ஆரம்பித்து முடித்தேன். எழுத்து ஐந்தாம் எண்ணில் இருந்தது. அதற்குப் பிறகு போனில் நீ எப்போது கேட்டிருந்தாலும் ஐந்து என்றே சொல்லியிருப்பேன்.

மாசி நடுவில் ஒரு நாள் ஐந்தில் எழுத்து பிசிறடித்தது. திரையைத் துடைத்தேன். புகை பட்டிருக்கும் என்று ஆறில் வைத்தேன். அந்த வாரமே எட்டுக்குப் போனேன். காலையில் வெளியே வந்தால் வெயில் குத்தியது. ஊரெல்லாம் புழுதி, அதனால்தான் என்று வேலைக்குப் போய்விட்டேன். புத்தகமாக இருந்திருந்தால் அச்சு மோசம் என்று தூக்கிப் போட்டிருப்பேன். இதில் எண் இருந்தது. அதற்கு என்ன சமாதானம் சொல்வது? நீ இரண்டு தடவை படிக்கச் சொன்ன பத்தியை எடுத்துக் குணசீலனை வாசிக்கச் சொன்னேன். பாதியிலேயே அவன் எழுந்து வண்டிச் சாவியை எடுத்துவிட்டான்.

இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உன் டாக்டர் சொன்ன அதே வியாதிதான். இன்னும் கொஞ்சம் நாள் விட்டிருந்தால் எங்களிடம் செய்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது என்றார்கள். ஊசி போட்டார்கள், மாத்திரையும் சொட்டு மருந்தும் தருகிறார்கள். முகம் கொஞ்சம் ஊதியிருக்கிறது, அது மருந்தால். சிவப்பு இறங்கிவிட்டது. நேற்று ஏழில் படித்தேன். ஐந்துக்கு வருமா என்று கேட்டதற்குப் பொறுத்திருந்து பார்க்கலாம் என்றார்கள். பழைய கண் இனித் திரும்பாது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ரிக்குக்கு வேறு ஆள் வந்தாயிற்று. முதலாளி கோபப்படவில்லை. போய்க் கண்ணைப் பாருங்கள் என்றார். இந்த மாதம் மருந்தின் அளவைக் குறைத்ததும் விமானத்தில் போக விடுவார்கள். சேலத்து டாக்டரிடம் நேரம் வாங்கி வை. இந்தத் தடவை நோயாளியோடு வருவதாகச் சொல்.

கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்கு நீயும் யுவஸ்ரீயும் வந்தால் போதும். சொந்தபந்தங்களைக் கூட்டிவர வேண்டாம். வெளியே வரும்போது வலது கைப் பக்கம் நிற்கிறவர்கள் எனக்குத் தெரியமாட்டார்கள். நீங்கள் என் இடது கைப் பக்கமாக நில்லுங்கள். நீங்கள் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நான் உங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட வேண்டும்.

வாரேன்.

நவநீதகிருஷ்ணன்.