யார் வரி மேலே

ஜூன் 9, திங்கள்

பல வாரத் தீவிர ஆலோசனைக்குப் பின் இன்று காலை ஒரு முடிவுக்கு வந்தேன்: விண்டோஸ் கெஞ்சிக்கொண்டிருந்த 'அப்டேட்' பொத்தானை அழுத்திவிடுவது. முகச்சவரம் செய்துகொண்டு வந்து அழுத்தினேன்.

ஜூன் 10

கணினி நேராக விண்டோஸுக்குள் போகிறது. கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டது.

இதுவரை, இயக்கியதும் கருப்புத் திரையில் இரண்டு வரிகள் வரும். மேலே லினக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளம், என் மனைவியுடையது. கீழே விண்டோஸ், என்னுடையது. எது வேண்டும் என்று பத்து விநாடி காத்திருக்கும். நான் அம்புக்குறியை அழுத்தாவிட்டால் அவள் பக்கமே திறந்துகொள்ளும். அந்தக் கேள்வியைக் கேட்பதே அவள் பக்கத்து நிரல்தான்; என் பக்கத்தைத் திறந்துவிடுவதும் அதுதான். குடும்பமும் ஏறத்தாழ அப்படித்தான் நடந்தது.

கல்யாணமான புதிதில் கணினியின் வன்வட்டை அவள்தான் இரண்டாக்கினாள். ஒவ்வொரு துண்டுக்கும் தமிழில் என்ன பெயர் என்று ஒரு வாரம் சண்டை. கணினிக் கையேடுகளுக்கு மெய்ப்புப் பார்ப்பவன் நான், 'பிரிவு' என்றேன். "வீட்டுக்குள்ள அந்த வார்த்தை வேண்டாங்க" என்றாள். பார்ட்டிஷன் என்றே இருந்துவிட்டது.

அவள் தம்பி வீட்டுக்குப் போய் நான்கு மாதம் ஆகிறது.

ஜூன் 11

அவளே போன் செய்தாள். பார்வையற்ற பிள்ளைகளுக்காக அவள் வாசித்துப் பதிந்த பாடங்கள் எல்லாம் அவள் பக்கத்தில் இருக்கின்றன. பள்ளி திறக்கப்போகிறது, வேண்டுமாம்.

அப்டேட் போட்டதையும் அவள் பக்கம் காணாமல் போனதையும் சொன்னேன்.

"வேணும்னே செஞ்சீங்களா?" என்றாள்.

வேண்டுமென்றே ஒரு காரியத்தை உருப்படியாகச் செய்தவனா நான்?

"அழிஞ்சிருக்காது. வரிசைதான் மாறியிருக்கும். ஆன் பண்ணும்போதே எஃப்2 அமுக்குங்க. விண்டோஸ் மேல ஏறி உட்கார்ந்திருக்கும், இறக்கிவிடுங்க."

ஜூன் 12, வியாழன்

இறக்கிவிட்டேன். முதல் முயற்சியிலேயே இரண்டு வரிகளும் திரும்பி வந்தன. அவள் வரியைத் தேர்ந்தெடுத்தேன். அவள் பெயரைப் போட்டுக் கடவுச்சொல் கேட்டது. பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அணைத்தேன்.

போன் செய்தேன். "சொல்லுங்க" என்றாள், பாங்கிலிருந்து கூப்பிடுபவனிடம் சொல்வதுபோல.

"இன்னும் வரலை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

"சரி, ஞாயித்துக்கிழமை நானே வர்றேன்."

அதற்காகத்தான்.

ஜூன் 14

சரியாக இருந்ததைக் கெடுத்துவைத்தேன். விண்டோஸ் மறுபடி மேலே. வீட்டைப் பெருக்கினேன்.

ஜூன் 15, ஞாயிறு

தம்பியோடு வந்தாள். அவன் சோபாவில் சாய்ந்துகொண்டு, "என்ன அத்தான், பொட்டியை மட்டும்தான் அப்டேட் பண்ணீங்களா? நீங்க எப்போ?" என்றான்.

"நான் பழைய வெர்ஷன், மச்சான். சப்போர்ட்டை நிறுத்திட்டாங்க."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

மதியம் முழுக்க ஆகும் என்று நம்பியிருந்தேன். டீ கொதிப்பதற்குள் முடித்துவிட்டாள். அவள் வரி மறுபடி மேலே. பாடங்கள் அவள் கொண்டுவந்த டிஸ்க்கில் ஏறிக்கொண்டிருக்க, வேறு எதையோ திறந்து பார்த்தாள். எப்போதெல்லாம் இயக்கப்பட்டது என்று அவள் பக்கம் குறித்துவைத்துக்கொள்ளுமாம்.

"வியாழக்கிழமையே வந்திருக்கு" என்றாள், தம்பிக்குக் கேட்காமல்.

நான் டீயை ஆற்றினேன்.

"வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம். இப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். "சர்க்கரை போதுமா?" என்று கேட்டேன். மனுஷனா நான்?

கிளம்பும்போது வாசலில் நின்றாள். "என் பக்கம் இனிமே வேண்டாம். அழிச்சிடுங்க, உங்களுக்கு இடமாவது கிடைக்கும். ஆனா அழிக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணுங்க. மறந்துடாதீங்க."

டீ அப்படியே இருந்தது.

ஜூன் 21

போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். மறுபடி சாக்குத் தேடுகிறான் என்றுதானே நினைப்பாள்?

ஜூன் 28

போன் செய்யவில்லை. விண்டோஸுக்குள் இருந்தபடியே அவள் பக்கத்தை அழித்தேன். "உறுதியாகவா?" என்று கேட்டது. எங்கள் கல்யாணத்தில்கூட யாரும் அதைக் கேட்கவில்லை.

ஜூன் 29

கணினியை இயக்கினேன். விண்டோஸும் வரவில்லை. கருப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி. தமிழில்: கோளாறு — அப்படி ஒரு பிரிவு இல்லை.